அறுவைக்குப் பிறகு ஆணின் மார்புத் திசு திரும்ப வளருமா?

கைப்பேசியைத் திறந்தால் ‘ஆண் மார்பு வீக்கத்துக்கு ஒரே நாளில் நிரந்தரத் தீர்வு’ என்று ஒரு விளம்பரம் வருகிறது. அடுத்த காணொளியில் ‘ஆபரேஷன் செய்து ஒரு வருஷத்தில் திரும்ப வந்துவிட்டது’ என்று ஒருவர் புலம்புகிறார். மதுரையில் அண்ணாநகர், கே.கே. நகர் பக்கம் மருத்துவமனைப் பலகைகளைப் பார்த்துக்கொண்டு போகிற இளைஞனுக்கும் அவனைப் பெற்றவர்களுக்கும் எதை நம்புவது என்று தெரிவதில்லை. இரண்டு பேச்சிலும் பாதி உண்மை இருக்கிறது. குழப்பம் அதனால்தான்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம். சுரப்பித் திசுவை முறையாக அகற்றிய பிறகு அது திரும்ப வளர்வது அரிது. ஆனால் நடக்கவே நடக்காது என்று எந்த மருத்துவரும் எழுதிக் கொடுக்க முடியாது. வளர்கிற சிலருக்கும் அது சும்மா வளர்வதில்லை. வளரச் சொல்லும் காரணம் ஒன்று உடம்புக்குள் தொடர்ந்து இருந்திருக்கும். அந்தக் காரணத்தைத் தேடாமல் கத்தி வைத்ததுதான் பெரும்பாலும் சிக்கல். இது ஏன் என்று அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

## மார்புக்குள் இருப்பது என்ன

ஆணின் மார்பில் தோலுக்கும் தசைக்கும் நடுவே இரண்டு வகைத் திசு இருக்கிறது. ஒன்று கொழுப்பு. மற்றது, காம்புக்கு நேர் கீழே சிறு வட்டாக இருக்கும் சுரப்பித் திசு. நுண்ணிய குழாய்கள், அவற்றைச் சுற்றி நார்த்திசு, அவ்வளவுதான். பிறக்கும்போது ஆண் குழந்தைக்கும் பெண் குழந்தைக்கும் இது ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். பருவ வயதில் பெண்களுக்கு அது கிளைத்து வளர்ந்து பால் சுரக்கும் அமைப்பாகிறது. ஆண்களுக்கு வளராமல் அப்படியே கிடக்கிறது. மறைந்து போவதில்லை.

அந்தச் சுரப்பித் திசு பெருத்தால் அதைக் கைனகோமாஸ்டியா என்கிறார்கள். ஜிம்முக்குப் போகிற பையன்கள் சுருக்கமாகக் ‘கைனோ’ என்பார்கள். சுரப்பி பெருக்காமல் வெறும் கொழுப்பு சேர்ந்து மார்பு பெருத்துத் தெரிந்தால் அது போலிக் கைனகோமாஸ்டியா. உடல் எடை கூடியவர்களில் பலருக்கு இரண்டும் கலந்தே இருக்கும்.

இரண்டையும் மருத்துவர் கையாலேயே பிரித்தறிவார். படுக்க வைத்து, கையைத் தலைக்குப் பின்னால் வைக்கச் சொல்லி, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் மார்பின் இரு பக்கமும் வைத்துக் காம்பை நோக்கி மெதுவாகக் கூட்டிக்கொண்டு வருவார். சுரப்பி இருந்தால், காம்பை நெருங்கும்போது ரப்பர் போல ஒரு வட்டு விரலைத் தடுக்கும், அசைத்தால் நகரும், சில சமயம் வலிக்கும். வெறும் கொழுப்பானால் எந்தத் தடையும் இல்லாமல் இரண்டு விரலும் காம்பு வரை வந்து சேர்ந்துவிடும். சந்தேகம் இருந்தால் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுப்பார்கள். மேலே சட்டையோடு பார்த்துவிட்டு ‘லைப்போசக்‌ஷன் போட்டால் சரியாகிவிடும்’ என்று, அதாவது கொழுப்பை உறிஞ்சி எடுத்தால் போதும் என்று, சொல்லும் இடம் இருந்தால், எழுந்து வந்துவிடுவது நல்லது.

## வளரச் சொல்வது எது

சுரப்பித் திசுவின் செல்களில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனுக்கும் ஆண்ட்ரோஜன் என்ற ஆண் ஹார்மோனுக்கும் தனித்தனி ஏற்பிகள், அதாவது அவை வந்து ஒட்டும் இடங்கள், இருக்கின்றன. ஈஸ்ட்ரோஜன் வளரச் சொல்லும். டெஸ்டோஸ்டிரோன் முதலான ஆண்ட்ரோஜன்கள் அதை அடக்கி வைக்கும். ஈஸ்ட்ரோஜன் ஆண்களின் உடம்பிலும் கொஞ்சம் சுரக்கிறது, அது இயல்பு. இரண்டுக்கும் உள்ள விகிதம் ஈஸ்ட்ரோஜன் பக்கம் சாய்ந்தால் சுரப்பி பெருக்கத் தொடங்கும். ஈஸ்ட்ரோஜன் கூடினாலும் சாயும், டெஸ்டோஸ்டிரோன் குறைந்தாலும் சாயும், டெஸ்டோஸ்டிரோன் போதுமான அளவு இருந்தும் ஏதோ ஒரு மருந்து அதன் ஏற்பியை அடைத்துக்கொண்டாலும் சாயும்.

இதில் அரோமட்டேஸ் என்ற நொதிக்குப் பெரிய பங்கு உண்டு. டெஸ்டோஸ்டிரோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுவது இதுதான். கொழுப்புத் திசுவில் இது நிறைய இருக்கிறது. அதனால் தொப்பையும் எடையும் கூடும்போது, மார்பில் கொழுப்பு சேர்வதோடு உடம்பின் ஈஸ்ட்ரோஜன் அளவும் கூடுகிறது.

இயற்கையாகவே இந்த விகிதம் மூன்று வயதுகளில் சாய்கிறது.

1. பிறந்த குழந்தைக்கு, தாயின் ஈஸ்ட்ரோஜன் காரணமாக. சில வாரங்களில் தானே வடிந்துவிடும். நம் ஊரில் சிலர் இதைப் பிதுக்கிப் ‘பால் எடுக்க’ப் பார்ப்பார்கள். தயவுசெய்து செய்ய வேண்டாம், சீழ் பிடித்துவிடும்.
2. குரல் உடையும் பருவத்தில், பெரும்பாலும் 13, 14 வயதில் உச்சமாக இருக்கும். பையன்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஓரளவாவது வரும். பெரும்பாலோருக்கு 6 மாதம் முதல் 2 ஆண்டுக்குள் தானே மறைந்துவிடும்.
3. ஐம்பது வயதுக்கு மேல், டெஸ்டோஸ்டிரோன் குறைந்து, உடலில் கொழுப்பின் பங்கு கூடும்போது. மருந்துகளும் அந்த வயதில்தான் அதிகம் சேர்கின்றன.

வீக்கம் வந்த முதல் சில மாதங்களில் குழாய்கள் பெருகிக்கொண்டிருக்கும், தொட்டால் வலிக்கும். இந்தக் கட்டத்தில் காரணத்தை நீக்கினால் வடிய வாய்ப்பு உண்டு. மருந்துக்கும் ஓரளவு மசியும். ஒரு வருடத்துக்கு மேலானால் அங்கே நார்த்திசு இறுகிவிடும். அதன்பின் மாத்திரையாலோ, தண்டால் எடுப்பதாலோ, எடை குறைப்பதாலோ அந்த வட்டு கரையாது. அறுவை தேவைப்படுவது இந்தக் கட்டத்தில்தான்.

## எதை எடுக்கிறார்கள், எதை விட்டுவைக்கிறார்கள்

‘திரும்ப வளருமா’ என்ற கேள்விக்கு விடை அறுவை நடக்கும் விதத்திலேயே இருக்கிறது. அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

காம்பைச் சுற்றிய கருவட்டத்தின் கீழ் ஓரத்தில் பிறை வடிவில் ஒரு சிறு கீறல் போடுவார்கள். வெப்ஸ்டர் என்ற அறுவை மருத்துவர் 1946இல் விவரித்த முறை இது. கருத்த தோலும் வெளுத்த தோலும் சேரும் கோட்டில் தழும்பு ஒளிந்துகொள்வதால் இன்றும் இதுவே பரவலாக இருக்கிறது. கொழுப்பும் இருந்தால், உப்புநீரோடு மரத்துப்போகும் மருந்தும் ரத்தக்கசிவைக் குறைக்கும் அட்ரினலினும் கலந்து உள்ளே செலுத்தி, மெல்லிய குழாயால் முதலில் கொழுப்பை உறிஞ்சி எடுப்பார்கள். அதுதான் லைப்போசக்‌ஷன். அப்புறம் கீறல் வழியாகச் சுரப்பியைத் தசையிலிருந்தும் தோலிலிருந்தும் பிரித்து வெளியே எடுப்பார்கள். கொழுப்பு மஞ்சளாக, தளதளவென்று வரும். சுரப்பி அப்படி இல்லை. வெள்ளையாக, இழுத்தால் நீளாமல், நார் பிடித்துக் கெட்டியாக இருக்கும். லைப்போசக்‌ஷன் குழாயால் மட்டும் இதை முழுதாக உறிஞ்ச முடியாமல் போவது அதனால்தான்.

ஆனால் நல்ல மருத்துவர் சுரப்பியை முழுவதுமாக வழித்து எடுக்க மாட்டார். காம்புக்கு நேர் கீழே ஒரு சென்டிமீட்டர் அளவு கனத்தில் ஒரு சிறு வட்டை வேண்டுமென்றே விட்டுவைப்பார். அதையும் எடுத்தால் காம்பு உள்ளே பள்ளமாக விழுந்து, தட்டில் குழி விழுந்ததுபோல் ஆகிவிடும். காம்புக்குப் போகும் ரத்த ஓட்டமும் உணர்ச்சியும் கெடலாம். இதுதவிர, ஓரங்களில் கொழுப்போடு கலந்து பரவியிருக்கும் சில இழைகளும் கண்ணுக்குத் தப்பி நின்றுவிடும்.

ஆகவே அறுவைக்குப் பிறகும் கொஞ்சம் சுரப்பித் திசு உள்ளே இருக்கும். எடுத்த பகுதி திரும்ப முளைக்காது. கல்லீரலைப் போல வெட்டிய பாகத்தை ஈடுகட்டி வளரும் உறுப்பு அல்ல இது. விட்டுவைத்த பகுதியோ உயிருள்ள திசு, அதன் ஏற்பிகளும் அப்படியே இருக்கின்றன. அலங்காநல்லூர்ப் பக்கம் கரும்பு போடுகிறவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். கரும்பை வெட்டிவிட்டுத் தூரை விட்டுவைத்தால் கட்டைக் கரும்பு தானாக வந்துவிடாது. தண்ணீரும் உரமும் போக வேண்டும். இங்கே தண்ணீர் ஈஸ்ட்ரோஜன். அது வராதவரை, விட்டுவைத்த வட்டு ஆயுள் முழுக்கச் சும்மா கிடக்கும்.

## ‘திரும்ப வந்துவிட்டது’ என்பதில் ஐந்து வகை

அறுவை செய்துகொண்டவர் கண்ணாடி முன் நின்று ‘மறுபடி வந்துவிட்டது’ என்று சொல்லும்போது, அது பின்வருவனவற்றில் எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

1. முதல் வாரங்களின் வீக்கம். திசு எடுத்த இடத்தில் நீர் கோத்துக்கொள்ளலாம், ரத்தம் கட்டலாம். நீர் கோத்தால் தளும்புவது போல் இருக்கும். மருத்துவர் ஊசியால் எடுத்துவிடுவார். முதல் ஓரிரு நாளில் ஒரு பக்கம் மட்டும் திடீரென்று இறுகி வீங்கி வலித்தால் அது உள்ளே ரத்தம் கட்டுவதாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கக் கூடாது.

2. தழும்புத் திசு. ஒன்று முதல் மூன்று மாதங்களில் காம்புக்குக் கீழே கெட்டியாக, மேடுபள்ளமாக ஒன்று தட்டுப்படும். பயந்து ஓடி வருகிறவர்களில் நிறையப் பேருக்கு இதுதான். உள்காயம் ஆறும்போது உண்டாகும் நார் இது, மாதங்கள் போகப்போக மிருதுவாகும். மார்பின் இறுதி வடிவம் தெரிய 6 மாதம் ஆகும், சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகும்.

3. எடுக்காமல் விட்ட சுரப்பி. லைப்போசக்‌ஷன் மட்டும் செய்து, சுரப்பியைத் தொடாமல் விட்டால், வீக்கம் வடிந்தபின் பழைய வட்டு அப்படியே தெரியும். இது திரும்ப வந்ததல்ல, போகவே இல்லை. ‘தழும்பே இல்லாத சிகிச்சை’ என்ற விளம்பரத்துக்குப் பின்னால் சில நேரம் இருப்பது இதுதான்.

4. எடை கூடியதால் சேர்ந்த கொழுப்பு. உறிஞ்சி எடுத்த கொழுப்புச் செல்கள் போனது போனதுதான். மிச்சம் இருப்பவை எடை கூடும்போது பெருக்கும். எடை நிறையக் கூடினால் புதிய கொழுப்புச் செல்களும் உண்டாகும். கல்யாணத்துக்குப் பிறகு 10, 15 கிலோ கூடிவிட்டு ஆபரேஷனைக் குறை சொல்வது நியாயமாகாது.

5. உண்மையான மறுவளர்ச்சி. விட்டுவைத்த சுரப்பி மறுபடி பெருப்பது. இது அரிது.

மூன்றாவதையும் ஐந்தாவதையும் பிரிப்பதற்கு எளிய வழி ஒன்று உண்டு: கால வரிசை. வீக்கம் முழுதாக வடிந்த பிறகும் மார்பு ஒருநாளும் தட்டையாகவே ஆகவில்லை என்றால், அது விட்டுப்போன திசு. ஆறு மாதம், ஒரு வருடம் நன்றாகத் தட்டையாக இருந்து, அப்புறம் காம்புக்குக் கீழே புதிதாகக் கூச்சமோ வலியோ வந்து, சுண்டைக்காய் அளவில் ஒன்று தட்டுப்பட்டு வளர்ந்தால், அது மறுவளர்ச்சியாக இருக்க வாய்ப்பு அதிகம். அறுவைக்கு முன்பும், ஒரு மாதம், ஆறு மாதம் கழித்தும் ஒரே வெளிச்சத்தில், முன்னும் பக்கவாட்டிலும் படம் எடுத்து வைத்துக்கொள்வது இதற்கு மிகவும் உதவும். ஞாபகத்தை நம்ப முடியாது.

இதோடு ஒன்று: ஒரு பக்கம் மட்டும் அறுவை செய்துகொண்டு, பிறகு மறு பக்கம் பெருத்தால் அது மறுவளர்ச்சி அல்ல. ஆனால் காரணம் இன்னும் உள்ளே இருக்கிறது என்பதற்கு அறிகுறி.

## உண்மையிலேயே வளர்வது யாருக்கு

ஸ்டீராய்டு ஊசி போடுபவர்கள். மறுவளர்ச்சிக்குத் தெளிவான காரணம் இதுதான், இதை அடித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. உடம்பு ஏற்றுவதற்காக வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வகை ஊசிகளைப் போட்டுக்கொண்டால், அதில் ஒரு பங்கை அரோமட்டேஸ் ஈஸ்ட்ரோஜனாக மாற்றிவிடும். அதே நேரம் விரைகள் சொந்தமாகச் சுரப்பதை நிறுத்திக்கொள்ளும். ஊசியை நிறுத்தும்போது டெஸ்டோஸ்டிரோன் சட்டென்று பாதாளத்துக்குப் போகும், ஈஸ்ட்ரோஜன் கை ஓங்கும். விரையைத் தூண்ட என்று சொல்லி அப்போது போட்டுக்கொள்ளும் எச்.சி.ஜி ஊசியும் ஈஸ்ட்ரோஜனைக் கூட்டும். இவையெல்லாம் மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகள், ஆனாலும் ‘மாஸ்டர் தருவார்’ என்று கைமாறுகின்றன. இதில் பெரிய ஆபத்து, ‘ஆபரேஷன் பண்ணியாச்சு, இனி பயமில்லை’ என்று அறுவைக்குப் பிறகு மறுபடி தொடங்குவது. விட்டுவைத்த வட்டு வளர அது போதும். கைனோவை அடக்க என்று டமாக்சிபென் மாத்திரையைத் தாங்களாகவே வாங்கிப் போட்டுக்கொள்கிறவர்களும் உண்டு. ரத்தக்குழாயில் ரத்தம் உறையும் ஆபத்து உள்ள மருந்து அது, மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் தொடக் கூடாது. பெயர்ச்சீட்டு ஒழுங்காக இல்லாத புரத மாவுகளிலும் லேகியங்களிலும் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பருவ வளர்ச்சி முடியும் முன் அறுவை செய்துகொண்டவர்கள். பதினான்கு வயதில் ஹார்மோன்கள் இன்னும் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். அப்போது எடுத்தால், விட்டுவைத்த வட்டுக்கு அதே தூண்டல் தொடர்ந்து கிடைக்கும். தானே மறையக்கூடிய ஒன்றுக்குக் கத்தி வைத்ததாகவும் ஆகலாம். அதனால்தான் பெரும்பாலான மருத்துவர்கள் குறைந்தது 2 ஆண்டு பொறுத்துப் பார்த்து, 18 வயதை ஒட்டிச் செய்யச் சொல்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் கேலிக்குப் பயந்து பையன் விளையாட்டு வகுப்புக்கே போகாமல், கோடையில்கூட இரண்டு பனியன் போட்டுக்கொண்டு கூனி நடக்கிறான் என்றால், அந்த மன வேதனையையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். பெரிய வீக்கமாக இருந்து மனம் மிகவும் பாதிக்கப்பட்டால் முன்கூட்டியே செய்வதும் உண்டு. அந்த முடிவை, மறுபடி வரும் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல் என்று தெரிந்தே எடுக்க வேண்டும்.

மருந்து தொடர்பவர்கள். கல்லீரல் கெட்டு வயிற்றில் நீர் கோத்தவர்களுக்கும் இதய நோயாளிகளுக்கும் கொடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன், புராஸ்டேட் புற்றுநோய்க்கான பைகாலுட்டமைடு, புராஸ்டேட் வீக்கத்துக்கும் முடி உதிர்வுக்கும் தரும் ஃபினாஸ்டரைடு, மனநோய்க்கான ரிஸ்பெரிடோன், எச்.ஐ.வி.க்கான எஃபாவிரென்ஸ் ஆகியவை தெரிந்த பெயர்கள். மாத்திரை தொடர்ந்தால் தூண்டலும் தொடரும். நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். மாற்று மருந்து பெரும்பாலும் உண்டு. ஸ்பைரோனோலாக்டோனுக்குப் பதில் எப்லெரினோன் தருவது போல.

உள்நோய் உள்ளவர்கள். தைராய்டு மிகுதி, கல்லீரல் சுருக்கம், நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு, விரைகள் சரியாக வேலை செய்யாமை. குடியால் கல்லீரல் கெட்டவருக்கு இரட்டை அடி: குடி விரைகளின் சுரப்பைக் குறைக்கும், கெட்ட கல்லீரலோ ஹார்மோன் கணக்கையே குழப்பும். அதற்குத் தரும் ஸ்பைரோனோலாக்டோன் மூன்றாவது அடி. கிளைன்ஃபெல்டர் என்ற பிறவி நிலையில் ஆணுக்கு எக்ஸ் குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருக்கும், விரைகள் சிறிதாகக் கெட்டியாக இருக்கும். பலருக்குக் குழந்தையின்மைக்குப் பரிசோதிக்கும்போதுதான் இது தெரியவருகிறது. அரிதாக விரையில் உள்ள கட்டிக்கு மார்பு வீக்கமே முதல் அடையாளமாக இருக்கும். மார்பு வீக்கம் என்று வருபவரின் விரையைப் பரிசோதிக்காத பரிசோதனை அரைகுறை. வெட்கப்பட்டு மறுக்கவும் கூடாது, மருத்துவர் கேட்கத் தயங்கவும் கூடாது.

மேலே சொன்ன எதுவும் இல்லாமல், காரணமே கண்டுபிடிக்க முடியாதவர்களும் கணிசமாக உண்டு. கைனகோமாஸ்டியா உள்ளவர்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவர். பருவ வயதில் வந்து தங்கிவிட்ட வகையைப் போலவே இவர்களுக்கும் அறுவைக்குப் பின் பெரும்பாலும் சிக்கல் இருப்பதில்லை.

## பிராய்லர் கோழியும் மீல் மேக்கரும்

‘பிராய்லர் கோழியில் ஹார்மோன் ஊசி போடுகிறார்கள், அதனால்தான் பையன்களுக்கு மார்பு வளர்கிறது’ என்பது டீக்கடை முதல் குடும்ப வாட்ஸ்அப் குழு வரை ஓடும் பேச்சு. பிராய்லர் 40 நாளில் வளர்வதற்குக் காரணம் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்த இனக்கலப்பும் தீவனமும்தான். ஆயிரக்கணக்கான கோழிக்கு ஒவ்வொன்றாக ஹார்மோன் ஊசி போடுவது பண்ணைக்காரருக்குக் கட்டுப்படியும் ஆகாது. கோழிக்கு ஆன்ட்டிபயாட்டிக் தருவது கவலைப்பட வேண்டிய விஷயம்தான், ஆனால் அது வேறு பிரச்சினை. பிராய்லர் சாப்பிட்டால் அறுவைக்குப் பின் மார்பு திரும்ப வளரும் என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை.

சோயாவில் ஈஸ்ட்ரோஜனை ஒத்த பொருள் இருப்பது உண்மை. தினமும் ஏறத்தாழ 3 லிட்டர் சோயாப் பால் குடித்து மார்பு பெருத்த ஒருவரைப் பற்றி மருத்துவ இதழில் பதிவு உண்டு. குருமாவில் கிடக்கும் நாலு மீல் மேக்கர் உருண்டையை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.

## கத்திக்கு முன்னால்

மதுரையைச் சுற்றி, உசிலம்பட்டி, திருமங்கலம், தேனி வரை, ராணுவத்துக்கும் துணை ராணுவத்துக்கும் விடியற்காலையில் ஓடிப் பயிற்சி எடுக்கும் பையன்கள் ஏராளம். அந்த மருத்துவத் தேர்வுகளில் தகுதியின்மைக்குக் காட்டும் காரணங்களில் கைனகோமாஸ்டியாவும் ஒன்று. ஓட்டத்திலும் எழுத்திலும் தேறியவன் சட்டையைக் கழற்றும் இடத்தில் தடுக்கி விழுகிறான். பதறிப்போய், ஊரில் கடன் வாங்கி, தேர்வுக்குச் சில வாரம் முன்னால் அறுவை செய்துகொள்கிறார்கள். அந்த அவசரம்தான் ஆபத்து. வீக்கமும் புதுத் தழும்பும் இருக்கும்போது மருத்துவக் குழு முன் போய் நின்றால் மறுபடி தட்டிவிடலாம். அக்னிவீர் ஆள்சேர்ப்பு பதினேழரை வயதிலேயே தொடங்குகிறது. அந்த வயதில் சிலருக்குப் பருவ வளர்ச்சியே முழுதாக முடிந்திருக்காது. அந்த ஆண்டின் அறிவிப்பில் அறுவைக்குப் பின் எவ்வளவு காலம் கழித்து வர வேண்டும் என்று பார்த்து, பின்னோக்கிக் கணக்கிட்டு நாள் குறிப்பதுதான் சரி. பயிற்சி மையத்தில் யாராவது ‘சீக்கிரம் உடம்பு ஏற’ ஊசி தந்தால், வாங்க வேண்டாம்.

அறுவைக்கு முன் செய்ய வேண்டிய பரிசோதனைகளின் பட்டியல் நீளமில்லை: டெஸ்டோஸ்டிரோன், ஈஸ்ட்ரடயோல், விரைகளை இயக்கும் எல்.எச்., எஃப்.எஸ்.எச். ஹார்மோன்கள், பால் சுரப்போடு தொடர்புடைய புரோலாக்டின், தைராய்டு, விரைக் கட்டியைக் காட்டிக்கொடுக்கக்கூடிய எச்.சி.ஜி, கல்லீரல், சிறுநீரகச் செயல்பாடு. எல்லோருக்கும் எல்லாமும் தேவைப்படாது. வயதையும் அறிகுறியையும் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார். புதிதாக வளர்வது, வேகமாக வளர்வது, வலிப்பது என்றால் கட்டாயம் தேவை. மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் பிளாஸ்டிக் சர்ஜரித் துறை இருக்கிறது. தனியாரிடம் போவதற்கு முன் அங்கே ஒருமுறை காட்டிக் கருத்துக் கேட்பதில் நஷ்டமில்லை. காப்பீட்டு நிறுவனங்கள் இதை அழகுக்கான அறுவை என்று தள்ளிவிடுவது வழக்கம். மருத்துவத் தேவை என்று மருத்துவர் எழுத்தில் தர முடியுமா என்பதைச் சேர்வதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள்:

1. எனக்கு இருப்பது சுரப்பியா, கொழுப்பா, இரண்டுமா?
2. சுரப்பியை வெட்டி எடுப்பீர்களா, லைப்போசக்‌ஷன் மட்டுமா?
3. காரணம் என்ன என்று பார்த்தாகிவிட்டதா?
4. எடுத்த திசுவைப் பயாப்சிக்கு அனுப்புவீர்களா?
5. ஆறு மாதம் கழித்து மேடு தெரிந்தால் என்ன செய்வீர்கள், அதற்குத் தனிக் கட்டணமா?

மூன்றாவதற்குச் சரியான பதில் வராவிட்டால் மற்ற நான்கையும் கேட்கத் தேவையில்லை.

இன்னொரு நடைமுறை விஷயம். அறுவைக்குப் பின் 4 முதல் 6 வாரம் இறுக்கமான அழுத்தப் பனியன் போட வேண்டும். சித்திரை வெயிலில் மதுரையில் அதைப் போட்டுக்கொண்டு இருப்பது லேசல்ல. வியர்த்து, அரித்து, பத்தாம் நாளே கழற்றி எறிகிறார்கள், நீர் கோத்துக்கொள்கிறது, பிறகு ‘திரும்ப வந்துவிட்டது’ என்கிறார்கள். தள்ளிப்போட முடிந்தால் ஐப்பசி முதல் தை வரையான மாதங்களில் வைத்துக்கொள்ளலாம். இரண்டு பனியன் வாங்கி மாற்றி மாற்றித் துவைத்துப் போடலாம். அலுவலக வேலைக்கு ஒரு வாரத்தில் போய்விடலாம். பரவை மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவருக்கும் ஜிம்மில் எடை தூக்குகிறவருக்கும் 4 முதல் 6 வாரம் ஓய்வு கட்டாயம்.

## மறுபடி வளர்ந்தால்

முதலில் செய்ய வேண்டியது அறுவை அல்ல, காரணம் தேடுவது. ஊசியோ மருந்தோ நோயோ என்று கண்டுபிடித்து நிறுத்தினால், புதிதாக வளர்ந்தது இன்னும் இறுகாமல் இருக்கும் சில மாதங்களுக்குள் அது வடியக்கூடும். மருத்துவர் மேற்பார்வையில் மாத்திரையும் தரலாம். இறுகிவிட்டால் மறு அறுவைதான். முதல் அறுவையின் தழும்பு உள்ளே பின்னிக் கிடப்பதால் இரண்டாவது கடினம். காம்பின் உணர்ச்சி, ரத்த ஓட்டம், வடிவம் மூன்றுக்கும் ஆபத்து கூடுதல். முந்தைய காயம் முழுதாக முதிர 6 மாதமாவது, முடிந்தால் ஒரு வருடம் காத்திருப்பார்கள்.

சில அறிகுறிகளுக்கு இந்தக் காத்திருப்பு பொருந்தாது. காம்புக்கு நேர் கீழே இல்லாமல் ஓரமாகக் கல் போல ஒரு கட்டி, காம்பிலிருந்து ரத்தம் கலந்த கசிவு, காம்பு உள்ளே இழுத்துக்கொள்வது, தோல் சுருங்கிப் புண்ணாவது, அக்குளில் நெறி கட்டுவது. மார்பகப் புற்றுநோய்களில் ஏறக்குறைய 100க்கு ஒன்று ஆண்களுக்கு வருகிறது. வயதானவர்களுக்கும் கிளைன்ஃபெல்டர் உள்ளவர்களுக்கும் வாய்ப்பு கூடுதல். முன்பு ஒருமுறை சாதாரண கைனகோமாஸ்டியாவுக்கு அறுவை செய்திருந்தாலும், ‘அதே தான் திரும்ப வந்திருக்கும்’ என்று விட்டுவிடக் கூடாது. மம்மோகிராம், ஸ்கேன், தேவையானால் ஊசிப் பரிசோதனை ஆகியவற்றை உடனே செய்ய வேண்டும்.

முதல் அறுவையில் எடுத்த திசுவின் பயாப்சி அறிக்கையைக் கேட்டு வாங்கி, வெளியேற்றச் சீட்டோடு பத்திரமாக வையுங்கள். எவ்வளவு எடுத்தார்கள், எதை விட்டார்கள், திசு இளசா இறுகியதா என்பதெல்லாம் அந்தத் தாள்களில்தான் இருக்கும். அடுத்து பார்க்கும் மருத்துவர் முதலில் கேட்பதும் அவற்றைத்தான்.